உப்பளத்துக் கசப்பு நீரும் குழந்தைகளின் வலிப்பு மருந்துகளும்

மரக்காணத்தை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த எக்கியார்குப்பம் என்னும் மீனவச் சிற்றூருக்குக் கிழக்கே வங்கக் கடல்; மேற்கே, காக்கிநாடாவிலிருந்து நெடுந்தூரம் வந்து மரக்காணத்தில் முடிவடையும் பக்கிங்காம் கால்வாயின் கடைக்கோடியும், கழுவெளியை ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்களும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம்; இவ்வூர்ப் பூமீசுவரர் ஆலயத்துச் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன; ஆகையால் இங்கே உப்பு விளைவிக்கும் தொழில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று துணிந்து சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தபின் பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக விட்டு வெயிலில் சுண்டவைத்து, உப்பு பூத்துப் படிந்ததும் அதனை வாரிக் குவித்துவிட்டு, எஞ்சிய கசப்பு நீரை வெளியே வடித்துவிடுவது தொன்றுதொட்டு வந்த முறை. மெக்னீசிய உப்புகள் மிகுந்த அந்த நீரை நாவில் வைக்க முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 65 மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும் புரோமைடு என்னும் பொருளும், உப்போடு படியாமல், பெரும்பாலும் இந்தக் கழிவு நீரிலேயே தங்கித் திரளுகிறது.

இவ்வாறு வடித்துவிடப்படும் நீரிலிருந்துதான், வலிப்பை மெய்யாகவே அடக்கிய முதல் ஔஷதம் உலகத்துக்குக் கிடைத்தது. 1826-ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் தென்கரையில் மோன்பெலியே நகரத்தை அடுத்த உப்பளங்களின் கசப்பு நீரை ஆராய்ந்துகொண்டிருந்த அந்துவான் பலார் என்னும் இளைஞர், அதில் குளோரினைச் செலுத்தியபோது மஞ்சளும் சிவப்புமாக ஒரு நிறம் எழக் கண்டு, அதனைப் பிரித்தெடுத்துப் புரோமின் என்னும் தனிமத்தை வெளிப்படுத்தினார். மோன்பெலியேயின் கடலும் மரக்காணத்தின் கடலும் ரசாயனத்தில் வேறல்ல. அங்கே சோதனைக் குழாய்க்குள் சென்ற பொருள் இங்கே ஆண்டாண்டாக ஓடையில் கலந்து சென்றது என்று எண்ணும்போது, இந்தக் கரையில் வலிப்பு கண்ட குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு செய்வதறியாது விழித்த தலைமுறை தலைமுறையான தாய்மார்களை நினையாமல் இருக்க முடிவதில்லை.

அத்தாய்மார்களுக்கு அக்காலத்தில் இருந்த வழிகள் எவை? காக்காய்வலிப்பு என்றும், இழுப்பு என்றும், ஜன்னி என்றும் ஊருக்கு ஊர் வழங்கிய இந்நோய்க்குக் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது எங்கும் பரவிய வழக்கம். குழந்தையின் உடம்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது அதனினும் கொடிய வழக்கம். கோயில் மண்டபத்தில் கிடத்தி வேண்டுவது மூன்றாவது. இவற்றுள் கடைசி வழி எத்தனை பழையது என்பதற்குப் பெரியபுராணமே சான்று. கொல்லிமழவன் என்னும் குறுநில மன்னன், முயலகன் என்னும் நோயால் நினைவிழந்து கிடந்த தன் மகளை, எந்த மருந்தாலும் தீராமல், காவிரிக்கு வடகரையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலின் முன் கிடத்தியிருந்தான் என்றும், அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள் என்றும் சேக்கிழார் கூறுகிறார். இன்று திருவாசி என வழங்கும் அத்தலத்தில் நடராசப் பெருமானின் திருவடிக்கீழ் முயலகனுக்குப் பதிலாக நாகமே இருப்பதை அவ்வூரார் இச்சரித்திரத்தோடு சேர்த்துச் சொல்லுவார்கள். தமிழ் இலக்கியத்தில் நோயின் பெயரோடு வரும் பழைய வலிப்பு நோயாளி ஒரு குழந்தை என்பது என் மனத்தில் ஆழப் பதிந்த செய்தி.

சாவி கொடுப்பவர்களை மூடர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிஷங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அந்தச் சிறு பொழுதுக்குள் பக்கத்திலிருப்பவர் எதைச் செய்தாலும், செய்தபின் வலிப்பு நிற்கிறது. நின்றதைக் கண்ணாரக் கண்டவர் செய்ததை நம்பாமல் எப்படி இருப்பார்? இந்த மயக்கம் பாமரர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு மாதம் அடிக்கடி வந்து மறுமாதம் குறைவது இந்நோயின் சுபாவமாதலால், மிக மோசமான காலத்தில் வைத்தியரிடம் வந்த குழந்தை, கொடுத்த மருந்து எதுவாயினும், சற்றுத் தேறியே தீரும். ஆகவே ஒரு மருந்து பலித்ததா என்று அறிய, அதனை உட்கொண்ட குழந்தைகளை உட்கொள்ளாத குழந்தைகளோடு, அல்லது வேறு மருந்து கொண்ட குழந்தைகளோடு, பாரபட்சமில்லாமல் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு நியாயத்தை வைத்தியர்கள் முழுதும் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்தது.

புரோமைடின் கதையே அதற்குச் சாட்சி. 1857-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் வைத்தியர் சபை ஒன்றில், விக்டோரியா மகாராணியின் பிரசவ வைத்தியராகிய சர் சார்லஸ் லோகாக், மாதவிடாயை ஒட்டி வலிப்பு வரும் பெண்கள் பதினைந்து பேருக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்ததில் பதினான்கு பேருக்கு நின்றது என்று, மற்றொருவர் படித்த கட்டுரையின் மேல் நடந்த விவாதத்தினிடையே, சில வாக்கியங்களில் சொல்லி அமர்ந்தார். ஒப்பீடு இல்லை, நீண்ட காலக் கண்காணிப்பும் இல்லை. மருந்து பலிப்பதற்கு அவர் கூறிய காரணமும் தவறு. ஆயினும் மருந்து மெய்யாகவே பலித்தது. இருபதே ஆண்டுகளில் ஐரோப்பிய வைத்தியசாலைகள் புரோமைடை டன் கணக்கில் செலவழித்தன. வலிப்பு குறைந்தது, கூடவே குழந்தைகள் தூங்கி வழிந்தார்கள், புத்தி மந்தமாயினர், முகத்திலும் காலிலும் கட்டிகள் வெடித்தன. உடம்பில் பாதியாகக் குறைவதற்கே பன்னிரண்டு நாள் பிடிக்கும் பொருளாதலால், நாள்தோறும் கொடுக்கக் கொடுக்க அது உள்ளே சேர்ந்துகொண்டே போனதை எவரும் எளிதில் உணரவில்லை.

இவ்விடத்தில் உப்பு மறுபடியும் குறுக்கிடுகிறது. 1899-இல் பிரான்சு தேசத்து ரிஷே, தூலூஸ் என்னும் இருவர், உணவில் உப்பைக் குறைத்தால் சிறிதளவு புரோமைடே பெரிதும் வேலை செய்கிறது என்று கண்டார்கள். சிறுநீரகம் புரோமைடையும் உப்பின் குளோரைடையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே பாவிப்பதால், உப்பு மிகுந்தால் புரோமைடு கழிந்துபோகிறது. உப்பு குறைந்தால் தங்கி ஓங்குகிறது. கருவாடும் உப்புக்கண்டமும் அன்றாடம் உண்ணும் ஒரு மீனவக் குழந்தைக்கும், உப்பில்லாப் பத்தியம் இருக்கும் உள்நாட்டுக் குழந்தைக்கும் ஒரே அளவு மருந்து ஒரே பலனைத் தந்திருக்காது. மருந்தின் அளவு புத்தகத்தில் எழுதியபடி நிற்பதில்லை, உண்பவரின் உடம்பையும் ஊரையும் பொறுத்தது என்னும் உண்மையின் முதல் பாடங்களில் இது ஒன்று. புதிய மருந்துகளிலும் இதே பாடம் வேறு வடிவத்தில் வரக் காண்போம்.

1912-இல் ஜெர்மனியில் ஹாப்ட்மன் என்னும் இளம் வைத்தியர், தூக்கத்துக்காக வந்த பினோபார்பிட்டால் என்னும் புது மருந்தைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, அவர்களுக்கு வலிப்பும் குறைந்ததைக் கவனித்து எழுதினார். கார்டினால் என்னும் வணிகப் பெயரால் நம் நாட்டுத் தாய்மார்களுக்கு நன்கு பழக்கமான மாத்திரை இதுவே. 1938-இல் பாஸ்டன் நகரத்து மெரிட், பட்னம் என்னும் இருவர், பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கி, ஒவ்வொரு பொருளாகக் கொடுத்துப் பார்த்து, முப்பது ஆண்டுகளாக எவரும் சீண்டாமல் கிடந்த பெனிட்டாயினைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்டாயின் என்று நாம் அறிந்த அம்மருந்து, தூங்கவைக்காமலே வலிப்பை அடக்கலாம் என்று காட்டிய முதல் மருந்து. வலிப்பு மருந்தைத் தற்செயலால் கண்டெடுத்த காலம் போய், தேடிக் கண்டுபிடிக்கும் காலம் அதனோடு தொடங்கியது. ஆனால் அதனை ஆண்டுக்கணக்காக உட்கொண்ட சிறுமிகளுக்கு ஈறு தடித்து மூடியது. முகத்திலும் கைகளிலும் மயிர் வளர்ந்தது. வலிப்பு நின்ற மகளின் முகம் மாறியதைக் கண்டு வருந்திய தாயின் துக்கம், பலித்த மருந்துகளின் கணக்கில் ஏறவில்லை.

பெனிட்டாயின் வந்ததற்கு முந்திய ஆண்டாகிய 1937-இல், அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை டையெத்திலீன் கிளைகால் என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். விற்குமுன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அந்தச் சாவுகளின் பயனாகவே 1938-இல் அங்கே பிறந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் பல உயிர்களைப் பறிகொடுத்து நாடறிய அழுத எக்கியார்குப்பத்துக்கு, உள்ளிருப்பது இன்னதென்று அறியாமல் விழுங்கும் திரவம் என்ன செய்யும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பினோபார்பிட்டாலின் விஷயத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். மிக மலிவான மருந்து. நாளைக்கு ஒரு வேளை போதும். அதனாலேயே ஏழை நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் அதனை முன்னிறுத்தியது. காய்ச்சலோடு வலிப்பு வந்த சிறு குழந்தைகளுக்கும் எங்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1990-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அவ்வாறு காய்ச்சல் வலிப்பு வந்த 217 சிறு குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இம்மருந்தும் மறு பிரிவுக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது, மருந்துப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு சராசரி 8 புள்ளிகள் தாழ்ந்திருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆன பின்னும் 5 புள்ளித் தாழ்வு நின்றது. காய்ச்சல் வலிப்போ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பயன் இல்லாத இடத்தில் தீங்கு மட்டும் எஞ்சியது. ஆனால் 1998-இல் மேற்கு வங்காளத்துக் கிராமப்புறத்தில், மெய்யாகவே வலிப்பு நோயுள்ள 94 குழந்தைகளைப் பினோபார்பிட்டாலுக்கும் பெனிட்டாயினுக்கும் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆராய்ச்சியில், பினோபார்பிட்டால் கொண்ட குழந்தைகளிடம் நடத்தைக் கோளாறு அதிகமாகக் காணப்படவில்லை. இரண்டும் மெய். காய்ச்சலில் ஒரு முறை வலித்துவிட்டு வளர வளரத் தானே தேறும் குழந்தைக்கு வேண்டாத மருந்து, வாரந்தோறும் வலித்து நினைவிழந்து விழும் குழந்தைக்கு வாழ்வளிக்கிறது. எந்த நோய்க்கு, எந்த வயதில் என்று கேளாமல் ஒரு மருந்தை நல்லது கெட்டது என்று பேசுவது வீண் பேச்சு.

எந்த நோய் என்னும் கேள்விக்கு நம் மாநிலம் உலகத்துக்குத் தந்த விடை ஒன்று உண்டு. 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறைக்கு வித்திட்டார். பின்னாளில் தலையை ஊடுருவிப் படம் எடுக்கும் சி.டி. வந்தபோது, வலிப்பு கண்ட இந்தியக் குழந்தைகள் பலருடைய மூளையில் ஒரு சிறு கட்டி தென்பட்டது. அதனைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்காக அதற்கே மருந்து கொடுத்து வந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கி மடியும்போது எழும் வீக்கமே என்பதை, 1980-களின் இறுதி முதல் டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் முதலான வேலூர் ஆராய்ச்சியாளர்கள் நிலைநாட்டினார்கள். பிற்காலத்தில் வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் எடுத்த கணக்கில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்புழுவே காரணமாகத் தெரிந்தது. கட்டி மறைந்தபின் இக்குழந்தைகள் பலருக்கு வலிப்பு மருந்தை ஆண்டுக்கணக்காகத் தொடர வேண்டிய அவசியமில்லை. வேண்டாத மருந்தை நிறுத்துவதைக் காட்டிலும் பெரிய பாதுகாப்பு எந்தப் புது மருந்திலும் இல்லை.

இனிப் புது மருந்துகளுக்கு வருவோம். 1960-களில் வந்த வால்புரோயேட், ஒரு பிரெஞ்சு ஆய்வுக்கூடத்தில் வேறு மருந்துகளைக் கரைக்க உதவிய வெறும் திரவமாக இருந்து, கரைந்த பொருளைக் காட்டிலும் கரைத்த பொருளே வலிப்பை அடக்குகிறது என்று தெரிந்தபின் மருந்தானது. ஆற்றல் மிக்க அம்மருந்து, சில குழந்தைகளின் ஈரலைத் தாக்கியது. அமெரிக்காவில் 1980-களில் எடுத்த கணக்கில், வேறு மருந்துகளோடு சேர்த்து வால்புரோயேட் உண்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் ஐந்நூற்றுக்கு ஒன்று ஈரல் செயலிழந்து இறந்தது. வளர்ந்தவர்களில், அம்மருந்தை மட்டும் உண்டவர்களிடம், அந்த ஆபத்து ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்குக்கூட இல்லை. குழந்தையைச் சிறிய மனிதன் என்று கருதி, பெரியவர்களிடம் சோதித்த முடிவை எடைக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டால் போதும் என்றிருந்த எண்ணத்தை இந்த ஒரு கணக்கே உடைத்தது.

1993-இல் அமெரிக்காவில் பெல்பமேட் என்னும் மருந்து மிகுந்த ஆர்ப்பாட்டத்தோடு வந்தது. மறு ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை வற்றியும் ஈரல் கெட்டும் நோயாளிகள் இறக்கத் தொடங்க, வேறு வழியற்றவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. விகாபட்ரினின் சரித்திரம் வேறு. 1841-இல் வில்லியம் வெஸ்ட் என்னும் ஆங்கில வைத்தியர், மாதக் குழந்தையாயிருந்த தம் சொந்த மகன் நாள்தோறும் பல முறை தலை குனிந்து மடங்கி மடங்கி விழுவதையும், அவனுடைய புத்தி வளராமல் நிற்பதையும் எழுதி, உதவி செய்வார் உண்டா என்று வைத்தியப் பத்திரிகை வழியாகக் கேட்டார். அக்கடிதத்தால் அவர் பெயரே தாங்கிய அந்நோய்க்கு 1958-இல் ஹார்மோன் ஊசி பலிப்பது தெரிந்தது. பின்னர் விகாபட்ரின் வந்தது. 2004-இல் பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்டபோது, பதினான்கு நாளில் ஹார்மோன் சிகிச்சையால் 73 சதவீதக் குழந்தைகளுக்கும் விகாபட்ரினால் 54 சதவீதத்தினருக்கும் இழுப்பு நின்றது. டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்னும் பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளுக்கோ விகாபட்ரினே சிறந்தது. ஆனால் அது கண்ணின் ஓரப் பார்வையை மீளாதபடி குறுக்கவல்லது என்பது, மருந்து பிரிட்டனில் வந்து எட்டு ஆண்டு ஆனபின், 1997-இல்தான் வெளியாயிற்று. ஓரப் பார்வை போனதைக் குழந்தை சொல்லாது. வளர்ந்த நோயாளிகள் சொல்லித்தான் தெரிந்தது.

லாமோட்ரிஜின் தூக்கமோ மந்தமோ தராத நல்ல மருந்து. ஆனால் தோல் வெடித்துக் கழலும் கொடிய ஒவ்வாமை, பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்டது. வால்புரோயேட் உடன் இருந்தாலோ அளவை விரைந்து ஏற்றினாலோ ஆபத்து மிகுந்தது. வாரக்கணக்காக மெல்ல மெல்ல ஏற்றும் முறை வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, கொடுக்கும் விதம் மாறியது. ஆக்ஸ்கார்பஸெப்பின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கவல்லது. உப்பளத்து நடுவிலே வாழ்ந்தாலும் அக்குழந்தையின் இரத்தத்தில் உப்பு தாழலாம், தாழ்ந்தால் அதனாலேயே வலிப்பு வரலாம்.

டோபிராமேட்டைப் பற்றி இந்தக் கரையில் இருப்பவர்கள் விசேஷமாக அறிந்திருக்க வேண்டும். அதுவும், ஜப்பானில் 1989-இல் வந்த ஸோனிஸமைடும், சில குழந்தைகளுக்கு வியர்வையைக் குறைத்துவிடுகின்றன. வியர்வை இல்லாமல் உடம்பு கொதித்துக் காய்ச்சல்போல் ஏறுகிறது. வைத்தியப் புத்தகம் வெப்பமான நாட்களில் எச்சரிக்கை தேவை என்று ஒரு வரியில் சொல்லிச் செல்லும். சித்திரை வெயிலில், நிழலே இல்லாத பாத்தி வரப்புகளில், வெண்மையாக மின்னும் உப்பின் எதிரொளியில் பெற்றோருக்குத் துணையாக நிற்கும் ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரியே முக்கியமான வரி. குளிர் தேசத்தில் சோதித்துத் தேறிய மருந்து உப்பளக் கரைக்கு வரும்போது அதன் குணம் மாறாது. ஆனால் அதன் தீங்கு வெளிப்படும் வாய்ப்பு மாறுகிறது. இதைப் பெற்றோரிடம் கேட்டும் சொல்லியும் தெளிவுபடுத்த இரண்டு நிமிஷம் போதும், அந்த இரண்டு நிமிஷம் கிடைப்பதுதான் அரிது.

லெவெடிரசெட்டம் இன்று நம் மருத்துவமனைகளில் மிகுதியாக எழுதப்படும் புது மருந்து. மெரிட், பட்னம் காலத்திலிருந்து வந்த மின்சாரச் சோதனையில் அது தேறவே இல்லை. வேறு வகைச் சோதனையில்தான் அதன் ஆற்றல் புலப்பட்டது. அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவையில்லை, மற்ற மருந்துகளோடு முரண்படுவதும் குறைவு, விரைவில் முழு அளவுக்கு ஏற்றலாம். கூடவே, சாதுவாயிருந்த பிள்ளை திடீரென்று சினந்து, பொருள்களை வீசி, தூங்காமல் அழுவதும் சிலரிடம் உண்டு. மருந்தின் விளைவு என்று தெரியாத வீட்டில் அந்தப் பிள்ளை அடி வாங்கும் என்பதே என் பெருங்கவலை. அரிதாயினும் உடம்பெங்கும் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்புமாக வரும் ஒவ்வாமையைப் பற்றி 2023 நவம்பரில்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மருந்து வந்து அப்போது இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீங்குகள் இவ்வாறிருக்க, ஆற்றலில் புதியவை பழையவற்றை வென்றனவா? சில வினாடிகள் விழித்தபடியே நினைவு மங்கும் வகை வலிப்புள்ள 453 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், 1960 அளவில் வந்த எத்தோசுக்சிமைடு 53 சதவீதத்தினரிடமும், வால்புரோயேட் 58 சதவீதத்தினரிடமும், புதியதாகிய லாமோட்ரிஜின் 29 சதவீதத்தினரிடமும் வெற்றி கண்டன. கவனக் குறைவு வால்புரோயேட் பிரிவில் 49, எத்தோசுக்சிமைடு பிரிவில் 33 சதவீதம். ஆற்றலையும் தீங்கையும் சேர்த்து எடைபோட, மிகப் பழைய மருந்தே முதலிடம் பெற்றது. பிறந்த சிசுக்களின் வலிப்பில், 2020-இல் வந்த முடிவின்படி, பினோபார்பிட்டால் 80 சதவீதத்தினரிடமும் லெவெடிரசெட்டம் 28 சதவீதத்தினரிடமுமே பலித்தன. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு லெவெடிரசெட்டம் லாமோட்ரிஜினுக்கு ஈடாகவில்லை. பொதுவாகப் பரவும் வலிப்புக்கு வால்புரோயேட்டுக்கு ஈடாகவில்லை. நிற்காத வலிப்பில் மட்டும், 2019-இல் வந்த ஆராய்ச்சிகளில், லெவெடிரசெட்டமும் பழைய மருந்துகளும் ஏறத்தாழச் சமமாக நின்றன. கிளாஸ்கோ நகரத்து நோயாளிகளை, பெரும்பாலும் வளர்ந்தவர்களை, நெடுங்காலம் தொடர்ந்து பார்த்தவர்கள், 2000-ஆம் ஆண்டில் நூற்றுக்கு அறுபத்து நால்வருக்கு வலிப்பு நின்றது என்றார்கள். புது மருந்துகள் பல வந்தபின் 2018-இல் மறுபடி எண்ணியபோதும் அந்த அறுபத்து நான்கே நின்றது.

இதனால் புது மருந்துகளால் பயனில்லை என்று முடிவுகட்டுவது பெரும் பிழையாகும். ஈறு தடிக்காமலும் தூங்கி வழியாமலும் பள்ளிக்குச் சென்ற குழந்தைகளை அந்தக் கணக்கு எண்ணவில்லை. அன்றியும் சில நோய்களில் புதுமை உயிர் காத்தது. 1978-இல் ஷார்லோத் திராவே என்னும் பிரெஞ்சு வைத்தியை விவரித்த நோயில், குழந்தை முதல் வயதிலேயே காய்ச்சலிலும் வெப்பத்திலும் நீண்ட வலிப்புக்கு ஆளாகிறது. 2001-இல் அதன் மூலகாரணம் சோடியம் உயிரணுவுக்குள் செல்லும் வாயிலுக்குரிய ஒரு மரபணுப் பிழை என்று கண்டபின், அவ்வாயிலை அடைக்கும் கார்பமஸெப்பின், லாமோட்ரிஜின் முதலியவை அக்குழந்தைகளுக்கு ஏன் கேடு செய்தன என்பது விளங்கியது. ஸ்டிரிபென்டால் என்னும் மருந்து வந்தது, கஞ்சாச் செடியின் போதை தராத கூறாகிய கன்னாபிடியால், 120 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், மாதத்துக்குப் பன்னிரண்டாயிருந்த வலிப்பை ஆறாகக் குறைத்தது, இதய வால்வைக் கெடுத்ததால் 1997-இல் உடல் மெலிவு மருந்தாக இருந்து விலக்கப்பட்ட பென்புளூரமின், இதயத்தை அடிக்கடி பரிசோதிக்கும் நிபந்தனையோடு, 2020-இல் இந்நோய்க்கு மருந்தாகத் திரும்பி வந்தது. இதே நோய்க்கு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இன்றும் சில குழந்தைகளுக்கு அந்தப் பழைய புரோமைடைக் கொடுக்கிறார்கள்; பலிக்கவும் செய்கிறது.

எக்கியார்குப்பத்துக் குழந்தைக்கு இம்மருந்துகள் எவ்வழியில் வருகின்றன? 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தபின், அரசு மருத்துவமனைகளில் அடிப்படை மருந்துகள் விலையின்றிக் கிடைப்பது இம்மாநிலம் பெருமைகொள்ளத்தக்க ஏற்பாடு. தெற்கே புதுச்சேரியில் ஜிப்மரும், உள்நாட்டில் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏறுவதற்குப் பயந்து மாத்திரை தீர்ந்தபின் சில நாள் தள்ளிப்போடும் வீட்டில், திடீரென்று மருந்து நின்றதாலேயே அடங்காத வலிப்பு எழும். நாள்தோறும் தவறாமல் கிடைக்கும் பழைய மாத்திரை, மாதத்தில் பாதி நாள் கிடைக்கும் புது மாத்திரையைவிடப் பாதுகாப்பானது. கடலும் கால்வாயும் சூழ்ந்த ஊரில் வலிப்புள்ள பிள்ளை தனியே நீரில் இறங்கலாகாது என்பதும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீளும் வலிப்பைத் தணிக்க மூக்கில் பீச்சும் மிடஸோலம் மருந்து நம் நாட்டிலேயே கிடைக்கிறது என்பதும் மாத்திரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை.

ஒரு கேள்வி இன்னும் தீராமல் நிற்கிறது. அது பெண் குழந்தைகளைப் பற்றியது. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கொண்ட சட்ட விதியை நம் நாடாளுமன்றம் 1999-இல் நீக்கியது. ஆயினும் வீடுகளில் மறைத்து மணம் முடிப்பதும், மணமானபின் மாத்திரையை ஒளித்து வைப்பதும் நின்றபாடில்லை. கருவுற்ற காலத்தில் வால்புரோயேட் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறை காணப்படுவதும், அவர்களுடைய அறிவுத்திறன் மற்றவர்களைவிடத் தாழ்வதும் பல நாட்டுக் கணக்குகளால் உறுதியாகியுள்ளன. 1998 முதல் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் முதலானோர் நடத்திய பதிவேடு, நம் தென்னாட்டுப் பெண்களைப் பற்றியே இதனை எண்ணிக் காட்டுகிறது. லாமோட்ரிஜினிலும் லெவெடிரசெட்டத்திலும் அந்த அபாயம் மிகக் குறைவு. புது மருந்துகளின் மிகத் தெளிவான வெற்றி இது. ஆயினும் பூப்பெய்தும் பருவத்தில், காலை எழுந்ததும் கைகள் வெடுக்கென்று உதறும் வகை வலிப்பு ஒன்று தோன்றுகிறது. அதனை அடக்குவதில் வால்புரோயேட்டுக்கு நிகர் இன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எதைக் கொடுப்பது என்பதை, அவள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இருக்கும்போதே, அவளையும் அவள் தாயையும் எதிரில் அமரவைத்து வைத்தியர் பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.